சாட்சியின் ரத்த அழுத்தம்

ஜனவரி 9

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் நடந்தது, சாப்பிட்டது, பிரஷர் எவ்வளவு என்று குறித்து வைக்க வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் சாயப்பட்டறையில் டைம்கீப்பராக இருந்தவன் நான். நானூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று கேட்டில் உட்கார்ந்து எழுதியவனுக்கு இப்போது தன்னைப் பற்றியே எழுதும் வேலை.

பெயர் திருமூர்த்தி. வயது அறுபத்துநாலு. ஊர் பெருந்துறை. மனைவி மயிலாத்தாள். மகள் ஓசூரில். எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

பிரஷர் 178/104. மெஷின் சரியில்லை.

ஜனவரி 11

எதற்கு ஆஸ்பத்திரி போனோம் என்பதையும் எழுதச் சொல்கிறாள் மயிலா. பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதக் கடைசியில் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தினேன். எந்த ரோடு வீட்டுக்குப் போகிறது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. வெயில். மயிலா முக்கால் மணி நேரம் என்கிறாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் கூட்டிவந்தாராம். அதற்கு முந்தின வாரம் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது. பத்து நிமிஷம் பேச்சு குழறியது என்கிறாள். நான் தெளிவாகத்தான் பேசினேன்.

ஜனவரி 17

ஸ்கேன் வந்துவிட்டது. டாக்டர் மெஹருன்னிசா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். மூளையில் இங்கும் அங்கும் வெள்ளைத் திட்டுகள். தவிர, மூன்று இடத்தில் சின்னச் சின்ன அடைப்பு. ஒவ்வொன்றும் ஒரு சின்ன பக்கவாதம்தான் என்றார். எனக்குள்ளே மூன்று தடவை நடந்திருக்கிறது, எனக்கே தகவல் இல்லை.

இது வயதுக் கோளாறு இல்லையாம். பல வருஷமாக ஏறிய பிரஷர், மூளைக்குள் போகிற மெல்லிய ரத்தக் குழாய்களைத் தடிக்க வைத்துவிட்டதாம். ரத்தம் சரியாகப் போகாத இடம் பட்டுப்போகிறதாம். இருதயத்தையும் ரத்தக் குழாயையும் பார்த்துக்கொள்ளாதவனுக்கு மூளையும் மெதுவாகக் கைவிடும் என்றார். சிகரெட்டையும் சேர்த்துச் சொன்னார்.

பட்டுப்போனது திரும்புமா என்று மயிலா கேட்டாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"போனது போனதுதாம்மா. ஆனா அடுத்தது வராமப் பெரும்பாலும் தடுக்க முடியும். அது பாதி என் கையில, பாதி இவர் கையில."

பிரஷர் மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று என்னைக் கேட்டார். இரண்டு வருஷம் இருக்கும் என்றேன். மயிலா பக்கத்திலிருந்து, "ஆறு வருஷமுங்க. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் தொடவே இல்லீங்க" என்றாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று டாக்டர் கேட்கவில்லை. நல்லவேளை.

ஜனவரி 18

நான்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மயிலா உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு தருகிறாள். வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து செம்பருத்தித் தொட்டியில் துப்பிவிடுகிறேன். மாத்திரை தின்றால் தலை சுற்றும். வேறு காரணம் இல்லை.

பிரஷர் 174/100.

பிப்ரவரி 3

கோர்ட்டிலிருந்து சம்மன். போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாரசாமி வழக்கு. ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. ஏப்ரல் 16-ஆம் தேதி ஆஜராக வேண்டும்.

என்ன நடந்தது என்பதை இங்கே எழுதி வைப்பது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. பட்டறைக்கு லீவு. சாயக்கழிவுத் தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டது. மேனேஜர் லோகநாதன், மாரசாமியை வீட்டிலிருந்து வரவழைத்தார். மாரசாமி துப்புரவு வேலைக்கு இருந்தவன். முப்பத்தொரு வயது. முகமூடி இல்லை, இடுப்புக் கயிறு இல்லை, தொட்டியில் விஷவாயு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இறங்கு என்று மேனேஜர் சொன்னார். அங்கே நின்றது மேனேஜர், எலக்ட்ரீசியன், நான். மாரசாமி தொட்டி விளிம்பில் நின்று என்னைப் பார்த்தான். அப்புறம் இறங்கினான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

அவனாகவே இறங்கிவிட்டான், யாரும் சொல்லவில்லை என்பது கம்பெனியின் கட்சி. மேனேஜர்தான் சொன்னார் என்று நான் அன்றே போலீசில் வாக்குமூலம் கொடுத்தேன். எலக்ட்ரீசியனும் கொடுத்தார். அவர் கொரோனாவில் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான் ஒருவன்.

பிப்ரவரி 5

மயிலாவின் தம்பி நாச்சிமுத்து வந்தான். கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுகிற லாரி இரண்டு அவனுடையது. வெகுநேரம் உடம்பைப் பற்றியே விசாரித்தான். ஸ்கேன் படத்தைப் பார்க்கக் கேட்டான். சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புரிந்த மாதிரி பார்த்தான். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தான்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம் மாமா. ஞாபகம் இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டாக்டர் சீட்டே இருக்குது. ஊர்ல ஒருத்தனும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 6

யோசித்தேன்.

பிப்ரவரி 8

நேற்று முழுவதும் மனசு லேசாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். நாச்சிமுத்து சொன்னது ஒரு கதவைத் திறந்துவிட்டது போல. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், என் தலையே எனக்காக அழித்துக் கொடுத்துவிடும்.

இன்று காலை முகம் கழுவும்போது, மாரசாமி அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஆறு வருஷமாகக் கண்ணை மூடினால் அந்தச் சட்டைதான். போய்த் தொலையாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இப்போது போய்விட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. திருடன் வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு போகிறான், நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். ரவுண்டானாவை எடுக்கட்டும், எதிர்வீட்டுக்காரர் பெயரை எடுக்கட்டும். அந்த ஐந்து நிமிஷத்தை எடுக்க விடமாட்டேன். அது என் சொத்து இல்லை.

மயிலாவைக் கூப்பிட்டு நான்கு மாத்திரையையும் அவள் கண் முன்னால் விழுங்கினேன். இத்தனை நாள் தொட்டியில் துப்பியதையும் சொன்னேன். தெரியும் என்றாள். "செம்பருத்திக்கு இப்ப பிரஷரே இல்லீங்க."

மதியம் மூன்று மணிக்குச் சட்டை ஞாபகம் வந்தது. காவி நிறம். கையில் சாயக்கறை.

பிப்ரவரி 12

நானாகவே டாக்டரிடம் போனேன். ஏப்ரல் 16 வரை என் தலை தாங்குமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

உத்தரவாதம் தர முடியாது என்றார். ஆனால் இந்த நோயில் புதுசாகக் கேட்டதுதான் முதலில் நழுவும், யோசனை மெதுவாகும், பழசு பெரும்பாலும் நிற்கும் என்றார். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சுத் துடிப்பு ஒழுங்காக இல்லை. அப்படித் துடிக்கிற இருதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்த உறைவு மூளைக்குப் போய் அடைக்குமாம். அதற்கு ஒரு மாத்திரை கூடியது. இனி ஐந்து.

"கோர்ட்டுல பேசறதுக்காகவா மாத்திரை சாப்பிடப்போறீங்க?"

ஆமாங்க என்றேன்.

"எதுக்காகச் சாப்பிட்டாலும் வேலை செய்யும்" என்றார்.

பிப்ரவரி 13

சிகரெட் இல்லை. முதல் நாள்.

பிப்ரவரி 14

சிகரெட் இல்லை. மயிலாவிடம் காரணமில்லாமல் கத்தினேன். உப்பில்லாத ரசத்தைக் கொட்டிவிட்டேன். பிறகு நானே தரையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 27

காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கேள்வி வைத்துக்கொள்கிறேன். மேனேஜர் எங்கே நின்றார்? தொட்டிக்குக் கிழக்கே, போனைக் காதில் வைத்துக்கொண்டு. மூடியைத் திறந்தது யார்? எலக்ட்ரீசியன். மணி என்ன? பத்து ஐந்து. எட்டாவது சுற்றில் கேள்வி எதுவும் வைத்துக்கொள்வதில்லை. சும்மா நடக்கிறேன்.

156/94.

மார்ச் 6

காலையில் மைதானத்தில் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கேள்வி வைத்துக்கொள்கிறேன். மேனேஜர் எங்கே நின்றார்?

இதை முன்பே எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 19

அரசு வக்கீல் அம்மா வரச் சொல்லியிருந்தார். மயிலா துணைக்கு வந்தாள். ஸ்கேன் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்ததில் ஒரு எழுத்தும் விட்டுவிடாதீர்கள் என்றார். டாக்டரிடமும் ஒரு சான்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாரசாமியின் மனைவி செல்வராணி. ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரம்மா என்றேன். உட்காரவில்லை.

"அவரு கடைசியா ஏதாச்சும் பேசுனாருங்களா?"

ஒன்றும் பேசவில்லை என்றேன்.

அது பொய் இல்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் எதுவும் பேசவில்லை.

பஸ்ஸில் மயிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மெஷினை மாட்டினால் 170. உப்பும் தின்னவில்லை, சிகரெட்டும் இல்லை.

ஏப்ரல் 2

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். காலையில் தலை வாரக் கையில் எடுத்த பொருளின் பெயர் வாயில் வரவில்லை. பல் இருக்கும், தலைக்கு என்று மயிலாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். வாய் ஒரு பக்கம் இழுத்ததாம். அவள் யோசிக்கவே இல்லை, உடனே ஆட்டோ. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அதற்குள் சரியாகிவிட்டது. சீப்பு. சீப்பு. சீப்பு.

புதிய சேதம் இல்லை என்று ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார் டாக்டர். உடனே வந்தது நல்லது, இது ஒரு எச்சரிக்கை என்றார். இரண்டு நாள் இருக்க வேண்டும். மாத்திரை ஒழுங்காகத்தானே சாப்பிட்டேன் என்று சண்டை போட்டேன். ஒன்றரை மாதம்தானே ஆகிறது, ஆறு வருஷத்தை அதற்குள் கழிக்க முடியுமா என்றார்.

நாச்சிமுத்து சாத்துக்குடியோடு வந்தான். பார்த்தீங்களா மாமா, உடம்பே சொல்லுது என்றான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னேன்.

"ஞாபகம் இல்லாம நான் சாகறது வேற, நாச்சிமுத்து. ஞாபகம் இருக்கறப்ப இல்லீன்னு சொல்றது வேற. நான் போவேன். தூக்கிட்டுப் போகோணும்னாலும் போவேன்."

சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 3

பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார். ஜன்னலில் மத்தியான வெயில். எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன், நாளைக்குக் கை வருமோ வராதோ.

மாரசாமி தொட்டி விளிம்பில் நின்று என்னைப் பார்த்தான் என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். பார்க்க மட்டும் இல்லை. கேட்டான். மேனேஜர் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பயந்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டான்.

"சாருங்க, எறங்கட்டுங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். போலீசில் சொல்லவில்லை. மயிலாவிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாக மனசு ஏமாற்றிக்கொள்ளும். சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஏப்ரல் 16

கோர்ட்டுக்குப் போனோம். காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை வராண்டா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம். வழக்கு ஜூன் 11-க்குத் தள்ளிப்போனது.

அவர்களுக்கு வாய்தா கிடைக்கிறது. எனக்கு வாய்தா கொடுக்க டாக்டரால்கூட முடியாது. அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. காத்திருக்கட்டும். நானும் காத்திருப்பேன்.

148/88.

மே 4

பதினாலு சுற்று. சிகரெட் இல்லாமல் எண்பத்தோராவது நாள்.

மே 20

எதிர்வீட்டுக்காரரை மயிலாவின் அண்ணன் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மயிலாவுக்கு அண்ணனே கிடையாது. அவர் சிரிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். பெயர் கேட்டு எழுதி வைத்தேன்: அர்த்தநாரி.

மே 30

ஊறுகாய் ஜாடியை மயிலா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி எங்கே என்று கேட்க மாட்டேன்.

138/84.

ஜூன் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மயிலா மெஷினை மாட்டினாள். 144. இன்றைக்கு இவ்வளவு இருக்கலாம் என்றாள். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். மேனேஜர் லோகநாதன் எதிரே நின்றார். முடி நரைத்திருந்தது. செல்வராணி கடைசிப் பெஞ்சில்.

அரசு வக்கீல் அம்மா கேட்டதற்கெல்லாம் சொன்னேன். மணி, இடம், மூடி, முகமூடி இல்லாதது, மேனேஜர் சொன்ன வார்த்தை. வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. நீதிபதி அவசரப்படுத்தவில்லை.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். இன்றைக்கு என்ன தேதி? ஜூன் 11 என்றேன். என்ன கிழமை? வரவில்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர்? அர்த்தநாரி என்று மே மாதம் எழுதியதும் அந்த நேரம் வரவில்லை. மூளையில் மூன்று அடைப்பு இருப்பது உண்மையா என்றார். உண்மை என்றேன். நேற்றுச் சாப்பிட்டதே தெரியாதவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எப்படிச் சொல்கிறீர்கள், அரசுத் தரப்பு சொல்லிக்கொடுத்ததுதானே என்றார்.

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்கு மறதி இருக்குதுங்க. இனியும் வரும். வக்கீலய்யா இன்னும் பத்துக் கேள்வி கேட்டா பத்தும் தெரியாதுன்னுதான் சொல்வேன். ஆனா இதை யாரும் சொல்லிக்கொடுக்கலீங்க. சொல்லிக்கொடுத்தவங்க இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாங்க. மேனேஜர் எறங்குன்னு சொன்னதும் மாரசாமி எறங்கல. எம்பக்கம் திரும்பி, 'சாருங்க, எறங்கட்டுங்களா'ன்னு கேட்டான். அவனுக்குப் பயம். நான் வேண்டான்னு சொல்லியிருந்தா எறங்கியிருக்க மாட்டான். நான், 'எறங்குடா, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னேன். இதைப் போலீசுல நான் சொல்லல. இப்பத்தான் சொல்றேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்த தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அரசு வக்கீல் அம்மா தலை குனிந்திருந்தார். நீதிபதி டைப்பிஸ்டிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "இறங்கு, ஒன்றும் ஆகாது என்று நான் மாரசாமியிடம் கூறினேன்."

"ஐயா, 'டா'ன்னு சொன்னேங்க. அதையும் சேர்த்துக்கோங்க" என்றேன்.

அவசியமா என்பது போலப் பார்த்தார். அப்புறம் அப்படியே அடிக்கச் சொன்னார்.

இப்படிச் சொன்னால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம் என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். செல்வராணி எழுந்து போய்விட்டிருந்தாள்.

ஜூன் 12

காலையில் மயிலா மாத்திரை மட்டும் தந்தாள். சாயந்திரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறு வருஷமாக இதையா உள்ளே வைத்திருந்தீர்கள் என்றாள். ஆமாம் என்றேன். மாத்திரையை நிறுத்தியதும் அதனால்தானா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பிறகு, இருக்கலாம் என்றேன்.

ஜூலை 8

நாச்சிமுத்து வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் மகளுக்கு நடந்த சீர் விசேஷத்துக்கு மயிலா மட்டும் போய்வந்தாள். யாரும் சாப்பிடச் சொல்லவில்லையாம். சாப்பாட்டில் உப்பு அதிகமாகத்தான் இருந்திருக்கும், விடு என்றேன்.

செப்டம்பர் 19

தீர்ப்பு. மேனேஜருக்குத் தண்டனை. முதலாளி மேல் இருந்த குற்றம் நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். மேல்முறையீடு போவார்களாம். என்னைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. தனக்கு எதிராகவே பேசிய சாட்சியை நம்பாமல் இருக்கக் காரணமில்லை என்று. என் மேல் நடவடிக்கை எடுப்பதா என்று போலீஸ் தனியாக விசாரிக்கும். விசாரிக்கட்டும். எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 5

காலை பத்து மணிக்குச் செல்வராணி வீட்டுக்கு வந்தாள். கூட அவள் மகள், பன்னிரண்டு வயது இருக்கும். மயிலா நாற்காலி போட்டாள். இந்தத் தடவை செல்வராணி உட்கார்ந்தாள்.

வக்கீலம்மாவைப் பார்க்க வந்த அன்றைக்கு ஏன் பெஞ்சில் வைத்துப் பொய் சொன்னீர்கள் என்று முதலில் கேட்டாள். தைரியம் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மகளுக்கு அப்பாவின் முகம் லேசாகத்தான் ஞாபகம் இருக்கிறது, அவர் பயந்தார், கேட்டார் என்பதெல்லாம் தெரியாது, குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன். முதலிலிருந்து. குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'டா' உட்பட. நடுவில் ஒரு இடத்தில் எலக்ட்ரீசியன் பெயர் வரவில்லை. சிறுமி காத்திருந்தாள். அது வராமலேயே மீதியைச் சொல்லி முடித்தேன்.

போகும்போது செல்வராணி வாசலில் நின்றாள்.

"உங்கள மன்னிக்க மாட்டேனுங்க" என்றாள். "ஆனா நீங்க மறக்கவும் கூடாது. மேல் கோர்ட்டு இருக்குது. இவ தம்பி இன்னும் சின்னவன், நாளைக்கு அவனும் வந்து கேப்பான்."

"வரச் சொல்லும்மா. இருப்பேன்" என்றேன்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய், மயிலா எடுத்து வைப்பதற்கு முன்னால் நானே டப்பாவைத் திறந்து ஐந்து மாத்திரையையும் எண்ணி எடுத்து விழுங்கினேன்.

132/82. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.